அட்டைப்பெட்டிக்குள் ஒரு காதல்

கேள்வி: செல்போன் கேம்களில் இப்போது தன்பாலீர்ப்புள்ளவர்கள் எல்லாம் கதாபாத்திரமாக வருகிறார்களாமே? சின்னக் கம்பெனிகள் செய்தால் அது வெறும் பிரசாரமாகத்தானே இருக்கும்?

பதில்: நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் 'அன்பேக்கிங்' ஆடிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் விட்ச் பீம் என்ற சின்ன ஸ்டூடியோ செய்தது. 2021-ல் கம்ப்யூட்டருக்கு வந்து, 2023-ல் செல்போனுக்கும் வந்துவிட்டது. வீடு மாறும் ஒரு பெண்ணின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அவளை நேரில் காட்டவே மாட்டார்கள், வசனமும் கிடையாது. 1997-ல் ஒரு சிறுமியின் படுக்கையறையில் தொடங்கி 2018 வரை எட்டு முறை பெட்டி பிரிக்கிறோம்.

2010-ல் காதலன் வீட்டுக்குக் குடிபோகிறாள். அங்கே அவன் சாமான்களே நிறைந்து கிடக்க, இவளுடைய பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடமே இல்லை, எங்கே வைத்தாலும் தப்பு என்று காட்டுகிறது, கடைசியில் கட்டிலுக்கடியில் தள்ளினால்தான் ஒத்துக்கொள்கிறது. (எனக்குக் கோபமே வந்துவிட்டது.) 2012-ல் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிவிடுகிறாள்.

அப்புறம் 2015. இந்த முறை பிரிக்கிற பெட்டிகள் இவளுடையவை அல்ல, கூட வாழ வருகிற இன்னொரு பெண்ணுடையவை. இவள் துணிமணியை நகர்த்தி அவளுக்கு இடம் விட வேண்டும். அதற்கு நீட்டி முழக்கி விளக்கம் எதுவும் இல்லை. 2018-ல் இருவருமாகப் புதுவீடு.

2022-ல் சிறந்த கதைசொல்லலுக்கான பாஃப்டா (பிரிட்டனில் சினிமா, கேம்களுக்குத் தரும்) விருது இதற்குத்தான். வாயே திறக்காத ஆட்டம் எங்கேயிருந்து பிரசாரம் செய்யும், சொல்லுங்கள்?