சித்தூரிலிருந்து கண்டிக்கோட்டா: சித்திரை வெயிலில் சைக்கிள் பயணம்

கேள்வி: ஏப்ரல் கடைசி வாரத்தில் நானும் சித்தப்பா மகனும் சித்தூரிலிருந்து பீலேர், ராயச்சோட்டி, கடப்பா வழியாக ஆந்திராவின் கண்டிக்கோட்டா கோட்டைக்குச் சைக்கிளில் கிளம்புகிறோம். 700×35 டயர், ரிம் பிரேக் (சக்கர வளையத்தைப் பிடித்து நிறுத்தும் வகை). ஒத்திகையாக 60 கிலோமீட்டர் போனதில் பின் சக்கரம் மூன்று முறை பஞ்சர். பதினொரு மணிக்கு மேல் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தும் தலைவலி. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் தண்ணீர். ஐந்து லிட்டர் போதும். அதோடு உப்பு உள்ளே போகவில்லை என்பதுதான் கோளாறாக இருக்கும். வியர்வையில் உப்பும் சேர்ந்தே வெளியேறுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல் வரும். கெண்டைக்கால் பிடிப்பில் களைப்புக்கும் பங்கு உண்டு.

கிளம்பும் முன் ஒரு கணக்கு எடுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் மிதிப்பதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். பலருக்கு மணிக்கு 500 முதல் 750 மில்லி குடித்தால் சரியாக இருக்கும். ஒரு பாட்டில் வெறும் தண்ணீர், அடுத்தது ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். 20.5 கிராம் பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கெட்டியாகக் கலக்கினால் வயிற்றைக் கலக்கிவிடும். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை. ரத்தக்கொதிப்பு, சிறுநீரகத் தொந்தரவு, சர்க்கரை நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

ஊர் விட்டு ஊர் போகும்போது தலைக்கு நான்கு லிட்டர் கையில் இருக்கட்டும். வழியில் தெலுங்கில் 'மஞ்சி நீள்ளு' என்று கேட்டால் குடிதண்ணீர் காட்டுவார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலுக்கு அங்கே 'சலிவேந்திரம்' என்று பெயர். மோர் 'மஜ்ஜிக' கிடைத்தால் உப்புப் போட்டே வாங்குங்கள்.

நேரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். காலை 4:45-க்கு முன்விளக்கு, பின்சிவப்பு விளக்கோடு கிளம்பி, பத்து மணிக்கெல்லாம் சாலையை விட்டு இறங்கிவிட வேண்டும். ஐந்து மணி நேரத்தில் 55 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். அந்தக் கணக்குக்குப் பீலேர், ராயச்சோட்டி, கடப்பா, புரொத்துட்டூர் ஆகிய நான்கும் இரவுத் தங்கலுக்கு ஏறக்குறையச் சரியாக விழுகின்றன. ஐந்தாம் நாள் ஜம்மலமடுகு தாண்டிக் கோட்டை. நான்கு நாளில் முடிக்க நினைத்தால் கடைசி நாள் நடுப்பகலில் மாட்டிக்கொள்வீர்கள்.

கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, நடை தள்ளாடினாலோ, வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் படுக்கவைத்து, இருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள், 108-க்கு அழையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

அடுத்து பஞ்சர். ஒரே சக்கரம் மூன்று முறை என்றால் முள் அநேகமாக ஒன்றுதான். சீமைக் கருவேல முள் டயரைத் துளைத்ததும் வெளிப்பக்கம் ஒடிந்துவிடும். நுனி ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். டயரைச் சும்மா பிடித்துப் பார்த்தால் தெரியாது. காற்று ஏறி, மேலே ஆள் உட்கார்ந்து டயர் அமுங்கும்போதுதான் அது தலைநீட்டிப் புது டியூபையும் குத்தும். அதனால் டியூபைக் கழற்றும் முன் வால்வு டயரில் எந்த எழுத்துக்கு நேராக இருக்கிறது என்று பார்த்துவையுங்கள். டியூபில் ஓட்டை கிடைத்ததும் அதே தூரத்தை டயரில் அளந்தால் முள் இருக்கும் இடம் ஒரு சாண் அளவுக்குள் சிக்கிவிடும். அந்த இடத்தில் டயரை உட்பக்கம் வெளியே வரும்படி மடக்கி, பஞ்சை இரண்டு திசையிலும் இழுங்கள். நார் மாட்டும் இடத்தில் குண்டூசி முனையளவு கறுப்புப் புள்ளி தெரியும். முள்வாங்கியால் பிடுங்குங்கள், வரவில்லையென்றால் உள்ளிருந்து வெளியே குத்தித் தள்ளுங்கள்.

சாலையோரம் பேட்ச் ஒட்டாதீர்கள். ஆளுக்கு இரண்டு புது டியூப் வைத்திருந்து மாற்றுங்கள்; ஒட்டும் வேலை மதியம் நிழலில். பேட்ச் ஒட்டும் பசையான சொல்யூஷன் பளபளப்பு போய் மங்கும்வரை ஐந்து நிமிடம் காய வேண்டும், ஈரத்தில் ஒட்டிய பேட்ச் வெயிலில் கழன்றுவிடும். திறந்த சொல்யூஷன் டியூப் சீக்கிரம் உறைந்துபோகும் என்பதால் சின்னதாக இரண்டு வாங்குங்கள். நிழலுக்கு ஒதுங்கும்போது சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே 'பல்லேரு' என்று சொல்லும் நெருஞ்சி அந்த மண்ணில்தான் கிடக்கும்.

வெயிலில் டயர் தானாக வெடிக்கும் என்று பயப்பட வேண்டாம். 25 டிகிரியில் அடித்த 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், 55 டிகிரிக்குப் போனாலும் 67, 68-தான் ஆகும். பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயர்தான் ஆபத்து. அதைக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

பிரேக்கால் வரும் சூடு வேறு. ராயச்சோட்டி தாண்டி, பால்கோவாவுக்குப் பேர்போன குவ்வலசெருவுக்கு அப்புறம் கடப்பா பக்கம் மலைப்பாதை இறங்குகிறது. வளைவுகள் அதிகம், பின்னால் பாரலாரிகள். பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் ரிம் ஆற நேரமே கிடைக்காது. உள்ளே டியூப் சூடேறும், பேட்ச் பெயரும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். பாதி இறக்கத்தில் அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியவில்லையென்றால் ஆறும்வரை அங்கேயே நில்லுங்கள்.