சிலிண்டர் கனக்கிறது, தீ மட்டும் ஏன் மங்குகிறது?

கேள்வி: ஊட்டியில் சின்ன டீக்கடை வைத்திருக்கிறேன். 19 கிலோ சிலிண்டர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை அடுப்பைப் பற்றவைத்தால் ஒரு மணி நேரத்தில் தீ மங்கிவிடுகிறது. அசைத்துப் பார்த்தால் சிலிண்டர் கனமாகத்தான் இருக்கிறது. அடிப்பக்கம் வெள்ளையாகப் பனி பிடிக்கிறது. சாக்கைச் சுற்றிப் பார்த்தேன், பலனில்லை. வெந்நீர் ஊற்று, படுக்கவை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செய்யலாமா ஐயா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். சாக்கையும் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். காரணம் புரிந்துவிட்டால், இனி யார் என்ன யோசனை சொன்னாலும் அது சரியா தவறா என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

கேஸ் என்று சொன்னாலும் சிலிண்டருக்குள் பெரும்பங்கு திரவம்தான். புரோபேன், பியூட்டேன் இரண்டும் கலந்த திரவம். அதற்கு மேலே கொஞ்ச இடத்தில் ஆவி நிற்கிறது. உங்கள் பர்னருக்கு வருவது அந்த ஆவி மட்டுமே.

திரவத்தில் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தபடி, இடம் மாறி நகர்ந்துகொண்டே இருக்கும். எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேல்பரப்புக்கு வந்தவற்றில் வேகமானவை பிடியை அறுத்துக்கொண்டு வெளியே போய்விடும். அதுதான் ஆவி. ஆவியிலிருந்து சில துகள்கள் திரும்பத் திரவத்துக்குள் விழும். வால்வு மூடியிருக்கும்போது போவதும் வருவதும் சமமாகிவிடும். அப்போது சுவரில் மோதும் ஆவித்துகள்கள் கொடுக்கும் தள்ளுதான் உள்ளிருக்கும் அழுத்தம். இந்த அழுத்தம் திரவம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையே பொறுத்தது. சிலிண்டர் கனமாக இருந்தும் தீ மங்குவது இதனால்தான்.

இனி அடுப்பைத் திறக்கிறீர்கள். ஆவி வெளியேறுகிறது, ஈடுகட்டத் திரவத்திலிருந்து புதிய துகள்கள் கிளம்புகின்றன. கிளம்புவதெல்லாம் வேகமானவை, தங்குவதெல்லாம் மெதுவானவை. ஆகவே மிச்சத் திரவம் குளிர்ந்துகொண்டே போகிறது, ஆவியை பர்னருக்குத் தள்ளும் அழுத்தமும் கூடவே இறங்குகிறது. ஒரு கிலோ திரவம் ஆவியாக ஏறக்குறைய 370 கிலோஜூல் வெப்பம் வேண்டும். விடியற்காலையில் உங்கள் பாய்லரில் ஊற்றும் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைக்க எவ்வளவு வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு! உள்ளே 10 கிலோ இருக்கும்போது, வெளியிலிருந்து வெப்பமே வராமல் ஒரு கிலோவை எரித்தால் சிலிண்டர் 10 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். சமவெளியில் 28 டிகிரி காற்று இந்த இழப்பை எளிதில் ஈடுகட்டிவிடும். உங்கள் ஊரில் அந்நேரம் காற்றே உறைநிலையை ஒட்டி நிற்கிறது.

புரோபேன், பியூட்டேன் துகள்களின் பிடியும் ஒன்றல்ல. கடல்மட்ட அழுத்தத்தில் புரோபேன் கழித்தல் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேனுக்கு ஏறக்குறைய 0 டிகிரி வேண்டும். அதனால் புரோபேன் முந்திக்கொண்டு வெளியேற, நாளாக ஆகச் சிலிண்டரில் பியூட்டேனின் பங்கு கூடுகிறது. புதுச் சிலிண்டர் ஓரளவு தாக்குப்பிடிப்பதும், பாதி தீர்ந்தது சோம்பிக் கிடப்பதும் இதனால்தான்.

அடிப்பக்கத்து வெள்ளை, கேஸ் கசிந்து உறைந்ததல்ல, பயப்படாதீர்கள். காற்றிலிருக்கும் நீராவித் துகள்கள் குளிர்ந்த இரும்பில் பட்டு வேகம் இழந்து நீர்த்துளியாகின்றன. இன்னும் குளிர்ந்தால் வரிசையாக அடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே அதிரும் பனிக்கட்டியாகின்றன. திரவம் தொட்டிருக்கும் உயரம் வரைதான் அது படியும் என்பதால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அந்தக் கோடே நல்ல அடையாளம். துகள் அதே நீர்த் துகள்தான், அது சுருங்கவும் இல்லை, கெட்டியாகவும் இல்லை. மாறியது வேகமும் அடுக்கும் மட்டுமே. பள்ளியில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டு வருவது இந்த இடத்தைத்தான்.

இப்போது சாக்கைப் பாருங்கள். நமக்குக் கம்பளி உதவுவது உடம்பு உள்ளேயிருந்து வெப்பம் தருவதால். சிலிண்டர் வெப்பம் தருவதில்லை, காற்றிலிருந்து வாங்குகிறது. அதைச் சாக்கால் மூடினால் வரும் வெப்பத்தையும் தடுத்துவிடுகிறோம்.

வெந்நீர் எதிர்ப்பக்கத்து ஆபத்து. சூடேறினால் ஆவியின் அழுத்தம் விறுவிறுவென ஏறும். அதோடு இந்தத் திரவம் சூட்டில் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். அதற்காகத்தான் மேலே இடம் விட்டு நிரப்புகிறார்கள். நெருப்புச் சட்டியைப் பக்கத்தில் வைப்பதோ இதைவிடக் கொடியது. படுக்கவைத்தால் ஆவி போக வேண்டிய வழியில் திரவம் போகும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் ஆவியாக விரியும். ரெகுலேட்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. தீ ஆளுயரத்துக்கு எழும்பலாம்.

செய்ய வேண்டியது: இரண்டு சிலிண்டர்களை ஒரே குழாயில் சேர்த்து ஒரே நேரத்தில் எடுக்கும் இணைப்பை உங்கள் கேஸ் ஏஜென்சி மூலமே போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் ஆவியாகும், வெப்பம் வாங்கும் பரப்பு இரட்டிப்பாகும். இதுதான் நல்ல தீர்வு. அதுவரை சிலிண்டரை நிமிர்த்தி, சுற்றிலும் காற்றோடும் இடத்தில் வையுங்கள். பள்ளத்திலோ அலமாரிக்குள்ளோ வேண்டாம். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

தீ மங்கியதும் தீர்ந்துவிட்டது என்று நினைத்து எத்தனை சிலிண்டர்களைத் திருப்பிக் கொடுத்தீர்களோ! இனிமேல் ஒரு தராசில் வையுங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேல்வளையத்தில் பொறித்திருக்கும், அதைக் கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும். இரண்டு மூன்று கிலோ இருந்தால் வால்வை மூடி எடுத்து வையுங்கள். காற்று சூடேறிய மதியத்தில் வடைச் சட்டிக்கு அது தாராளமாக எரியும்.