கொலை நடந்தது கிராமத்தில், ஸ்காட்லாந்து யார்டு ஏன் வந்தது?

1920, 30-களில் நடக்கும் ஆங்கிலத் துப்பறியும் கதைகளை வாசிக்கும்போது தலை சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கதையில் உள்ளூர் இன்ஸ்பெக்டரே கொலையாளியைப் பிடித்துவிடுகிறார். இன்னொன்றில் லண்டன் போலீஸின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஓர் ஆள் ரயிலேறி வருகிறார். யாருக்கு யார் மேலதிகாரி என்பது உங்கள் முதல் கேள்வி. பெரிய இடத்துப் பிள்ளைகள் நேராக இன்ஸ்பெக்டர் ஆனது நிஜத்திலும் நடந்ததா என்பது இரண்டாவது.

'பிரிட்டிஷ் போலீஸ்' என்று ஒரே படை அந்தக் காலத்தில் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் ஏறத்தாழ 180 போலீஸ் படைகள் தனித்தனியே இயங்கின. மாநிலத்துக்கு ஒரு காவல் துறை, மாவட்டத்துக்கு ஒரு எஸ்.பி. என்று பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். பக்கத்துக் கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) சூப்பரின்டெண்டென்ட் வந்து இந்தக் கவுன்டியின் கான்ஸ்டபிளை ஏவ முடியாது. லண்டன் போலீஸ் கமிஷனருக்கும் அந்த அதிகாரம் இல்லை.

இந்தப் படைகளை எஜமானர் யார் என்பதை வைத்துப் பிரித்தால் விஷயம் தெளிவாகும். நகரங்களில் நகரசபை உறுப்பினர்களைக் கொண்ட 'வாட்ச் கமிட்டி' என்ற குழு போலீஸை நடத்தியது. 1835-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் செய்த ஏற்பாடு அது. கவுன்டிகளில் 1888-க்குப் பிறகு பாதி மாஜிஸ்திரேட்டுகள், பாதி கவுன்டி சபை உறுப்பினர்கள் என்று ஒரு கூட்டுக் குழு. லண்டன் மாநகரப் போலீஸுக்கு மட்டும் உள்துறை அமைச்சரே நேரடி எஜமானர். லண்டன் நடுவிலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றிச் சுமார் 15 மைல் தூரத்துக்கு அதன் எல்லை. ஆள்பலம் ஏறத்தாழ 20,000. அதன் நட்டநடுவில் ஒரு சதுர மைல் அளவுள்ள 'சிட்டி ஆஃப் லண்டன்' பகுதிக்கு வேறொரு போலீஸ், வேறொரு கமிஷனர். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், தனிப் படைகள். அங்கே குற்ற விசாரணையை வழிநடத்தும் அதிகாரம் அரசு வழக்கறிஞரிடம் இருந்தது.

இங்கே தமிழ் வாசகர் ஒருவர் தவறாமல் இடறும் இடம் ஒன்று உண்டு. கதையில் வரும் 'சீஃப் கான்ஸ்டபிள்' நம்மூர் ஏட்டு அல்ல. அந்தக் கவுன்டியின் அல்லது நகரத்தின் முழுப் படைக்கும் அவர்தான் தலைவர். கவுன்டிகளில் இந்தப் பதவி பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளுக்கே போனது. மேஜர், கர்னல் பட்டத்தோடு, நிலப்பிரபுக்களோடு சமமாக உட்கார்ந்து விருந்துண்ணக்கூடியவர்கள். கொலை நடந்த மாளிகையின் சொந்தக்காரரும் சீஃப் கான்ஸ்டபிளும் நண்பர்களாக இருப்பதாகக் கதைகளில் வருவது வெறும் கற்பனை இல்லை. நகரங்களில் கீழிருந்து படிப்படியாக ஏறிவந்தவர்களே இந்தப் பதவியில் அதிகம். ஊர்விட்டு ஊர் மாறித் தொழிலாகவே இதைச் செய்தவர்களும் உண்டு. பெர்சி சில்லிட்டோ செஸ்டர்ஃபீல்டில் தொடங்கி ஷெஃபீல்டுக்குப் போய் அங்கே ரவுடிக் கும்பல்களை ஒடுக்கி, 1931-இல் கிளாஸ்கோ போலீஸுக்குத் தலைவரானார். பின்னாளில் எம்.ஐ.5 உளவுத் துறைக்கே தலைவரானவர் அவர்.

சம்பளம் கொடுக்கும் குழுவின் பேச்சைத்தான் போலீஸ்காரர் கேட்க வேண்டுமா என்ற கேள்வி 1930-இல் நீதிமன்றத்துக்கே போனது. ஓல்டாம் நகரப் போலீஸார் ஆள்மாறி ஒருவரைக் கைது செய்துவிட, அவர் நகராட்சிமீது வழக்குத் தொடுத்தார். நகராட்சி பொறுப்பாகாது என்றது தீர்ப்பு. கைது செய்யும் கான்ஸ்டபிள் தன் சட்ட அதிகாரத்தால் செயல்படுகிறார், நகராட்சியின் வேலைக்காரராக அல்ல என்பது காரணம். என் கணக்கில் அந்தக் காலப் போலீஸ் அமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாளரம் கிடையாது.

இத்தனை படைகளையும் ஓரளவு ஒரே அச்சில் வார்த்தது பணம். உள்துறையின் இன்ஸ்பெக்டர்கள் ஆண்டுதோறும் வந்து பார்த்து 'திறமையாக இயங்குகிறது' என்று சான்று கொடுத்தால்தான் அரசு மானியம். 1918 ஆகஸ்டில் லண்டன் போலீஸார் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் விளைவாக அமைந்த டெஸ்பரோ குழு 1919-இல் எல்லாப் படைகளுக்கும் ஒரே சம்பள விகிதத்தைப் பரிந்துரைத்தது. புதிய கான்ஸ்டபிளுக்கு வாரம் 70 ஷில்லிங். அதே ஆண்டு போலீஸார் தொழிற்சங்கம் வைக்கத் தடை விதித்து, அதற்குப் பதிலாகப் போலீஸ் சம்மேளனம் ஒன்றை அரசே அமைத்துக் கொடுத்தது. தடையை எதிர்த்து இரண்டாவது முறை வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஈராயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் லிவர்பூல், லண்டன் போலீஸாரான அவர்கள் அத்தனை பேரும் வேலை இழந்தார்கள். ஒருவரைக்கூட திரும்பச் சேர்க்கவில்லை.

இனித் துப்பறிவாளர்கள். லண்டன் போலீஸின் சி.ஐ.டி. 1878-இல் உருவானது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தே பெயர், ஒவ்வொன்றிலும் ஒரு துப்பறிவு இன்ஸ்பெக்டர். தலைமையகத்தில் தனியாக ஒரு மத்தியப் பிரிவு. அந்தத் தலைமையகம்தான் தேம்ஸ் கரையில் இருந்த ஸ்காட்லாந்து யார்டு. முதல் உலகப் போருக்குப் பின் லண்டனை நான்காகப் பிரித்து நான்கு சூப்பரின்டெண்டென்டுகளிடம் ஒப்படைத்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடிய அந்த நால்வரில் ஒருவரான ஃபிரெடரிக் வென்ஸ்லி 1919-இல் வட்டார எல்லை பார்க்காமல் லண்டன் முழுதும் சுற்றும் ஒரு குழுவை அமைத்தார். ரயில்வே கம்பெனியிடம் வாங்கிய குதிரை வண்டிகளுக்குள் ஒளிந்துகொண்டு, துணியில் வெட்டிய ஓட்டை வழியாகத் திருடர்களை வேவு பார்த்தார்கள். 'பறக்கும் படை' என்ற பெயர், மோட்டார் வண்டிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

வெளியூர்களில் கதை வேறு. பல கவுன்டிகளில் துப்பறிவுப் பிரிவு என்று சொல்லிக்கொள்ள ஒரு கைப்பிடி ஆட்கள்கூட இல்லை. சைக்கிளில் ரோந்து போகும் கிராமக் கான்ஸ்டபிள், அவருக்கு மேல் சார்ஜென்ட், சிறு நகரத்தில் ஒரு இன்ஸ்பெக்டர், கோட்டத்துக்கு ஒரு சூப்பரின்டெண்டென்ட், அவ்வளவுதான். கோழித் திருட்டுக்கு இது போதும். துப்புத் துலங்காத கொலைக்குப் போதாது. அதனால்தான் உள்துறை அமைச்சகம் 1907 வாக்கில் ஓர் ஏற்பாடு செய்தது: சீஃப் கான்ஸ்டபிள் கேட்டுக்கொண்டால் யார்டின் அனுபவம் மிக்க அதிகாரிகள் போய் உதவலாம். கேட்டுக்கொண்டால் என்பதுதான் இதில் முக்கியம். அழைக்காத வீட்டுக்கு விருந்துக்குப் போக முடியாது என்பதைப் போலத்தான். வந்த பிறகும் அவர் உள்ளூர்ப் படைக்கு மேலதிகாரி ஆகிவிடுவதில்லை. வழக்கு அந்தக் கவுன்டியுடையதுதான்.

இது நடைமுறையில் எப்படி ஓடியது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எஸ்ஸெக்ஸ் கவுன்டியில் நடந்த கட்டரிட்ஜ் கொலை. 1927 செப்டம்பர் 27 அதிகாலை ஒரு கிராமச் சாலையோரம் கான்ஸ்டபிள் கட்டரிட்ஜ் சுடப்பட்டுக் கிடந்தார். இரு கண்களிலும் குண்டு பாய்ந்திருந்தது. அதே இரவு பில்லரிக்கேயில் ஒரு டாக்டரின் மோரிஸ் கௌலி கார் திருடுபோய், லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்தது. பிணம் கவுன்டி எல்லையில், கார் லண்டன் எல்லையில். எஸ்ஸெக்ஸ் தயங்காமல் யார்டை அழைத்தது. சீஃப் இன்ஸ்பெக்டர் ஜேம்ஸ் பெரெட் பொறுப்பேற்றார். காருக்குள் கிடந்த ஒரு வெற்றுத் தோட்டாக் கூடு அவருக்குக் கிடைத்தது. மாதக்கணக்கில் தேடியபின், 1928 ஜனவரியில் பிரௌன் என்பவன் லண்டனில் தன் மோட்டார் பட்டறையில் வெப்லி ரிவால்வரோடு பிடிபட்டான். கூட்டாளி கென்னடி லிவர்பூலில் ஒரு சார்ஜென்டின் விலாவில் துப்பாக்கியை வைத்து விசையை அழுத்தினான்; அது வெடிக்கவில்லை. துப்பாக்கி நிபுணர் ராபர்ட் சர்ச்சில், அந்தக் கூட்டின் அடியில் பதிந்திருந்த தழும்பு பிரௌனின் ரிவால்வர் பதித்ததுதான் என்று நீதிமன்றத்தில் காட்டினார். 1928 மே 31 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். எஸ்ஸெக்ஸ், லண்டன், லிவர்பூல் என்று மூன்று படைகள் சேர்ந்து முடித்த வழக்கு இது.

எல்லோரும் அப்படி அழைக்கவில்லை. லிவர்பூல், மான்செஸ்டர் போன்ற பெருநகரங்களுக்குச் சொந்தத் துப்பறிவுப் பிரிவுகள் இருந்தன. யார்டைக் கூப்பிடுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். 1931-இல் வாலஸ் என்ற இன்ஷூரன்ஸ் முகவரின் மனைவி கொலையான வழக்கை லிவர்பூல் போலீஸ் தானே விசாரித்தது. கணவருக்கு மரண தண்டனை வாங்கித் தந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியம் போதாது என்று அவரை விடுவித்துவிட்டது. அதற்காக யார்டு வந்தால் உண்மை வெளிவந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 1934-இல் பிரைட்டன் ரயில் நிலையத்தில் பெட்டிக்குள் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தபோது, பிரைட்டன் போலீஸ் யார்டைத்தான் அழைத்தது. அந்தப் பெண் யார் என்பதே கண்டுபிடிக்கப்படவில்லை.

யார்டின் கையிலும் அப்போது பெரிய ஆயுதம் எதுவும் இல்லை. 1901 முதல் இருந்த கைரேகைப் பிரிவு ஒன்றுதான் உருப்படியான அறிவியல். (அந்தப் பிரிவு பயன்படுத்திய வகைப்பாட்டு முறைக்குப் பெயர் எட்வர்ட் ஹென்றியுடையது. அவர் வங்காளத்தில் போலீஸ் தலைவராக இருந்தபோது, அதன் கணக்கை அமைத்துக் கொடுத்தவர்கள் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள்.) 1924-இல் ஈஸ்ட்போர்ன் அருகே கடற்கரை பங்களா ஒன்றில் ஒரு பெண் துண்டுதுண்டாக வெட்டப்பட்டிருந்தார். அழுகிய சதையை யார்டு அதிகாரி பெர்சி சாவேஜ் வெறுங்கையால் அள்ளி வாளியில் போடுவதைப் பார்த்து மருத்துவ நிபுணர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி திடுக்கிட்டார். அதற்குப் பிறகுதான் ரப்பர் கையுறை, உருப்பெருக்கி, அளவு நாடா, இடுக்கி, மாதிரிகளைப் போட்டுவைக்கும் பைகள் எல்லாம் அடங்கிய 'கொலைப் பை' ஒன்று தயாராகி, வெளியூர் போகும் அதிகாரியோடு பயணம் செய்தது. லண்டன் போலீஸுக்கு ஆய்வுக்கூடம் 1935-இல்தான் கிடைத்தது. ஆகவே 1926-இல் நடக்கும் கதையில் யார்டின் ஆய்வுக்கூடத்துக்கு மண்ணை அனுப்புகிறார்கள் என்றால், எழுத்தாளர் அவசரப்பட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இந்த 1930-களிலேயே இருக்கிறது. அதுவரை, உச்சப் பதவிகளைத் தவிர, துப்பறிவாளர் உட்பட எல்லோரும் சீருடைக் கான்ஸ்டபிளாகத் தெருவில் நடந்துதான் மேலே வர வேண்டும். விமானப் படையை வளர்த்த டிரென்சார்ட் பிரபு 1931-இல் லண்டன் மாநகரப் போலீஸ் கமிஷனராக வந்தார். படித்தவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை, மேலே ஏறுவதற்குள் வயதாகிவிடுகிறது என்பது அவர் வாதம். 1934-இல் ஹெண்டனில் போலீஸ் கல்லூரி ஒன்றைத் திறந்தார். பல்கலைக்கழகத்திலிருந்தும் உயர்குடிப் பள்ளிகளிலிருந்தும் வந்தவர்களும், படைக்குள்ளிருந்து தேர்வானவர்களும் அங்கே பயின்று நேராக இளநிலை இன்ஸ்பெக்டர் ஆனார்கள். போலீஸ் சம்மேளனம் கொதித்தது. தொழிற்கட்சி இதைக் குலத்தைப் பார்த்துப் பதவி கொடுப்பது என்று சாடியது. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பதினைந்து வருடம் மழையில் ரோந்து போன சார்ஜென்டுக்கு இருபத்தைந்து வயதுப் பையன் உத்தரவிட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஆகவே 1934-க்கு முன் நடக்கும் கதையில் பெரிய இடத்துப் பிள்ளை நேராக இன்ஸ்பெக்டராக வந்தால் அது கற்பனை. அதற்குப் பின்னால் என்றால் நடக்கக்கூடியதே. 1939-இல் போர் தொடங்கியதும் கல்லூரி மூடப்பட்டது. ஆனால் அங்கே பயின்றவர்கள் பின்னாளில் பல படைகளுக்குத் தலைவர்களானார்கள். அவர்களில் ஒருவரான ஜோசப் சிம்ப்சன் 1931-இல் சாதாரணக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, ஹெண்டன் வழியாக மேலேறி, 1958-இல் லண்டன் கமிஷனர் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.