பரம்பரைக் காது மந்தமும் தள்ளாட்டமும்: உங்கள் கேள்விகள்

கோண்டாவிலில் இருந்து, வயது 43: அக்கா, அப்பப்பாவுக்கும் அப்பாவுக்கும் நாற்பதுக்குப் பிறகு காது மந்தமானது. எனக்கும் தொடங்கிவிட்டது. இருட்டில் ஒழுங்கையால் வரும்போது மதிலைப் பிடித்துத்தான் நடக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம் தம்பி. கேட்கிற நத்தைச்சுருளும் சமநிலை பார்க்கிற அரைவட்டக் கால்வாய்களும் உட்காதுக்குள் ஒட்டியே இருக்கின்றன. காக்லின் என்ற புரதத்துக்கான மரபணு பழுதானால் இரண்டுமே மெல்ல மெல்லக் கெடும். தாய் தகப்பனில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்பு. ஆனால் இதே மரபணுதான் என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது.

என் பெரியம்மா கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால், மற்றக் கை தானாகவே தொட்டிக் கட்டைத் தேடும். வயது போனதால் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இரண்டு காதிலும் சமநிலை ஒன்றாகக் குறைந்தால் பலருக்குத் தலை சுற்றாது. கண்ணும் காலும் ஈடு செய்துவிடும். கண்ணை மூடினாலோ, வெளிச்சம் இல்லாவிட்டாலோ, மணலில் நடந்தாலோதான் தெரியவரும். தண்ணீருக்குள் இன்னும் மோசம்: எது மேல், எது கீழ் என்று பிடிபடாது. கீரிமலையிலோ கடலிலோ தனியே முங்கிக் குளிக்க வேண்டாம், தயவுசெய்து.

மானிப்பாயில் இருந்து: சமநிலை பார்க்கக் காதுக்குள் தண்ணீர் விட்டுச் சோதிப்பார்களாம். பயமாக இருக்கிறது அக்கா.

பயப்பட ஒன்றுமில்லை தங்கச்சி. தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வைத்து, ஒவ்வொரு காதுக்கும் 30 பாகை, 44 பாகை வெப்பநிலையில் தண்ணீர் விடுவார்கள். அந்தச் சூட்டாலும் குளிராலும் கால்வாய்க்குள் திரவம் அசையும். கண்கள் தாமாகத் துடிக்கும், அதைத்தான் அளக்கிறார்கள். ஒன்றிரண்டு நிமிடம் தலை சுற்றும், பிறகு அடங்கிவிடும். நடுவில் ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொன்னால் சொல்லுங்கள், நல்லூர், உரும்பிராய், புத்தூர் என்று. மனம் விழிப்பாக இருந்தால்தான் துடிப்பு சரியாகத் தெரியும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தண்ணீருக்குப் பதிலாகக் காற்று விடலாம். தலைச்சுற்றுக் குளிசையை இரண்டு நாள் முன்பே நிறுத்தலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம், ஆரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தச் சோதனை ஒவ்வொரு காதிலும் ஒரு கால்வாயைத்தான் பார்க்கிறது. சரி என்று வந்தாலும் தள்ளாட்டம் இருந்தால், தலையைச் சட்டென்று திருப்பிக் கண்ணைப் பார்க்கும் சோதனையையும் கேளுங்கள்.

பருத்தித்துறையில் இருந்து: நான் கட்டியது சொந்த மச்சானை. இருவருக்கும் நன்றாகக் காது கேட்கும். மகனுக்குப் பிறப்பிலேயே கேட்கவில்லை. என் பக்கத்துப் பிழை என்கிறார் மாமி.

இல்லை. இது மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். முதல் கேள்வியில் சொன்ன வகை போலல்ல இது: பெற்றோருக்குக் கேட்டும் பிள்ளைக்குப் பிறப்பிலேயே பரம்பரையாகக் கேட்காவிட்டால், பெரும்பாலும் தாயும் தகப்பனும் ஒரே மரபணுவின் பழுதான பிரதியை ஆளுக்கொன்றாகக் கொடுத்திருப்பார்கள். சொந்தத்துக்குள் கட்டும்போது அந்த இரண்டும் சந்திக்கிற வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். மகன் எப்போது நடந்தான்? ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை என்றால் சமநிலையையும் கண்ணையும் சோதிக்க வேண்டும். அஷர் என்ற நோயில் பிறகு பார்வையும் குறையும். முதலில் இருட்டில்தான் தெரியாமல் போகும்.

சுன்னாகத்தில் இருந்து: அம்மாவுக்கும் அவவின் தங்கச்சிக்கும் ஏதோ ஊசி போட்டபின் காது போனது.

ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசியாக இருக்கலாம். தாய்வழியாக மட்டும் வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அவை வழமையான அளவிலேயே காதைக் கெடுக்கும். உங்கள் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வையுங்கள், சகோதரங்களுக்கும் சொல்லுங்கள்.

நெல்லியடியில் இருந்து: எண்ணெய் விட்டால் சுகம் வருமா?

வராது. எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். பழுது அதற்கு உள்ளே.

கொக்குவிலில் இருந்து: முதல்முறை கிளினிக் போகிறேன், என்ன கொண்டு போக?

பழைய கேட்டல் சோதனைத் தாள்கள் எல்லாம். ஒரு தாளில் அப்பப்பா தொடங்கி வம்சத்தைக் கீறி, ஆருக்கு எந்த வயதில் காது மந்தமானது, ஆர் இருட்டில் தடுமாறினார் என்று எழுதுங்கள். கனடாவிலும் லண்டனிலும் உள்ளவர்களுக்கும் கோல் எடுங்கள். கருவி போட்டிருப்பதை வெட்கத்தில் சொல்லாத ஒரு சித்தப்பா எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவரிடம் ஆறுதலாக, தனியே கேளுங்கள்.