லாரி வந்து போன மறுநாளே டேங்க் நிறைவது ஏன்?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஐப்பசி மழை பிடித்தால் போதும், கழிவறையில் ஊற்றும் தண்ணீர் இறங்காமல் மேலே வருகிறது. போன வருஷம் லாரியைக் கூப்பிட்டு செப்டிக் டேங்கைக் காலி செய்தோம். மறுநாள் காலையிலேயே பாதி நிறைந்திருந்தது. இதைப் பேரூராட்சி சரிசெய்யாதா?"

செய்யாதுங்க. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீட்டில் கழிவறைக் குழாய் முதல் உறிஞ்சு குழி (டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் விடும் குழி) வரை எல்லாமே வீட்டுக்காரர் பொறுப்புதான். டேங்கின் வெளிக்குழாயைத் தெரு வாய்க்காலில் திருப்பிவிடுவதும் கூடாது.

சரி, ஒரு ராத்திரியில் பாதி டேங்க் எப்படி நிறையும்? வீட்டில் நாலைந்து பேர் இருந்தாலும் அவ்வளவு தண்ணீர் செலவாகாது. உள்ளே வந்தது நிலத்தடி நீர். நம் கடற்கரைப் பக்கம் மணலில் நாலைந்து சிமென்ட் உறையை இறக்கி, அடியில் கான்கிரீட் போடாமலே "செப்டிக் டேங்க்" என்று சொல்லிவிடுவார்கள். கோடையில் மணல் எல்லாவற்றையும் குடித்துவிடும், குறையே தெரியாது. மழைக்காலத்தில் கிணற்று நீர்மட்டம் ஏறும்போது அதே தண்ணீர் உறைக்குள்ளும் ஏறும். அந்த நேரத்தில் எத்தனை லாரி வந்தாலும் காசுதான் வீண். உங்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றால் உறிஞ்சு குழியும் முங்கித்தான் கிடக்கும்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கழிவறைக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள சேம்பர் (மூடி போட்ட சின்னத் தொட்டி) காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக் குழாயில்தான். பிளம்பரே போதும்.

டேங்க்தான் காரணம் என்றால் சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது வேலையை ஆரம்பியுங்கள். அடியில் கான்கிரீட், உள்சுவரில் நீர் புகாத பூச்சு. ஆழமான உறிஞ்சு குழி இங்கே வேண்டாம். நீர்மட்டம் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் வருகிற இடத்துக்கு அது ஒத்துவராது. டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணில் விட, ஜல்லி நிரப்பிய ஆழமில்லாத நீள வாய்க்கால், முடிந்தால் மண்ணை மேடாக்கி அதன் மேல், நல்லது. இந்த வாய்க்கால் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சின்ன மனையில் அதற்கு இடம் கிடைக்காதுதான். அப்படியானால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மொட்டைமாடி மழைக்குழாய் டேங்க் பக்கமே வரக்கூடாது.

கசடை இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுங்கள், அதுவும் மழைக்கு முன்னால். பிளாஸ்டிக் டேங்கை மழைக்காலத்தில் முழுசாகக் காலி செய்தால் மண்ணைப் பிளந்துகொண்டு மிதந்து வந்துவிடும்.

யாரையும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஆளைக் கூப்பிட நேரம் தராது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்கியவருக்கு முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்புறம், மூடி ஸ்லாப். உப்புக்காற்று வெளியிலிருந்தும் டேங்க் வாயு உள்ளிருந்தும் கம்பியை அரிக்கும். காரை உதிர்ந்து கம்பி தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அதுவரை பிள்ளைகளை அதன் மேல் விளையாட விடாதீர்கள்.