சிங்கப்பூரில் சுற்றுலாக் கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள், கார் இல்லாமல் பெற்றோரோடு ஊர் பார்க்க முடியுமா?

முடியும். தாராளமாக முடியும்.

அப்பா அம்மா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி, காலையில் வந்து இறங்கினால் மறுநாள் மதியம்தான் கப்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். கார் எடுக்கவா, வேன் பேசவா, இல்லை ஹோட்டலிலேயே படுத்து ஓய்வெடுக்கவா என்பது கேள்வி. மூன்றாவதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீங்கள் இந்தியாவிலிருந்து வருகிறீர்கள், சிங்கப்பூருக்கு முதல் தடவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இங்கே வேலை பார்ப்பவள். அம்மாவும் சித்தியும் வந்திருந்தபோது எல்லோருமாகக் கப்பலில் போக டிக்கெட் எடுத்தோம். அதற்கு முந்தைய நாள் அவர்களுக்கு ஊரைக் காட்டுவது என்று முடிவு. ஊரில் இருக்கும் அண்ணன் உடனே போன் போட்டு, "அம்மாவை பஸ்ஸிலும் ரயிலிலும் இழுத்தடிக்காதே, வேன் பேசு" என்றார். பேசிப் பார்த்தேன். ஒரு டிராவல் ஏஜென்ட் அனுப்பிய பட்டியலில் இருந்தது எல்லாம் இறங்கிப் போட்டோ எடுத்துவிட்டு ஏறும் இடங்கள், அப்புறம் ஒரு சாக்லேட் கடை. அம்மாவுக்கு இனிப்பே ஆகாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மடக்கும் சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி வைத்தேன்.

சொந்தமாக ஓட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். நகர மையத்தில் பார்க்கிங் கட்டணமும் ஈஆர்பி சாலைக் கட்டணமும் சேர்ந்து பிடுங்கும். போதாததற்கு, ஒவ்வொரு இடத்திலும் தரைக்கடியில் நிறுத்திவிட்டு லிஃப்ட் தேடி மேலே வர வேண்டும். அந்த நடையே முழங்காலுக்கு அதிகம்.

எம்ஆர்டி என்னும் மெட்ரோ ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, அதனால் அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பஸ்ஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இங்கே பொதுப் பேருந்துகள் எல்லாமே சக்கர நாற்காலி ஏறும் பேருந்துகள். நிறுத்தத்தில் அம்மாவை உட்காரவைத்துக் கையைக் காட்டினேன். பஸ் ஓரம் அணைத்து நின்றது. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து வந்து, நடுக்கதவின் தரையில் மடித்திருந்த பலகையைக் கொக்கியால் தூக்கி வெளியே சாய்த்துப் போட்டார். நாற்காலியைத் தானே பிடித்துத் தள்ளி உள்ளே ஏற்றினார். அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், பஸ்ஸின் பின்பக்கம் பார்த்தபடி அம்மா உட்கார்ந்தாள். இறங்கும்போதும் அதே மரியாதை. பின்னால் நின்ற கூட்டம் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. "எனக்காகவா பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். வேனில் போயிருந்தால் இதை எங்கே பார்ப்பது?

காசு விஷயம் சுருக்கமாக: தொட்டுக் கட்டணம் செலுத்தும் விசா அல்லது மாஸ்டர்கார்டு இருந்தால் அதையே பஸ்ஸிலும் ரயிலிலும் தொடலாம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். பஸ்ஸில் இறங்கும்போதும் மறக்காமல் தொடுங்கள், இல்லாவிட்டால் கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு போகும்.

இனி எங்கே போவது. மற்றவர்கள் கடற்கரைக் கட்டடங்களையும் மால்களையும் சொல்வார்கள். அவையும் நன்றாகத்தான் இருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கப்பலேறப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் என்பேன். நீல நிற டௌன்டௌன் லைனில் தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான்.

இன்று சுற்றிலும் அலுவலக அடுக்குமாடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்க்கும் வரைக்கும் இந்தத் தெருதான் கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் இங்கே இறங்கி, உயிரோடு வந்து சேர்ந்ததற்கு முதலில் சாமிக்கு நன்றி சொன்னார்கள். அதனால்தான் ஒரே வரிசையில் இத்தனை வழிபாட்டு இடங்கள். சீனர்களின் கடல் தெய்வத்துக்கு 1842இல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் கோயில். சற்றுத் தள்ளி, தென்னிந்திய முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா. மறுபக்கம் அல் அப்ரார் பள்ளிவாசல். அது 1827இல் ஒரு குடிசையாகத் தொடங்கியது, நம் ஆட்கள் வைத்த பெயர் குச்சுப் பள்ளி.

நாகூர் தர்கா என்று கேட்டதும் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். சுவரையும் மூலைக் கோபுரங்களில் அடுக்கடுக்காக ஏறும் சின்னச் சின்ன மாடங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கடல் எங்கேடி?" என்றாள். தெருவின் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். அங்கே வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். "அத்தனையும் தூர்த்ததா?" என்று சித்தி வாயைப் பிளந்தாள். நாங்கள் மறுநாள் கப்பலேறப் போகும் நிலையமே தூர்த்த மண்ணில்தான் நிற்கிறது என்று சொன்னபோது இருவருமே நம்பவில்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய கடைவீடுகளை ஒட்டிக் கூரைக்குக் கீழே போகும் முன்நடையில் அங்கங்கே படி இருக்கும், நாற்காலி உருளாது. நடைபாதையிலேயே தள்ளிக்கொண்டு போங்கள். சீனக் கோயிலின் வாசற்படி உயரமானது, காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். கோயிலுக்கும் தர்காவுக்கும் நடுவில் தெலுக் ஆயர் கிரீன் என்று ஒரு சிறிய பூங்கா, பழைய குடியேறிகளின் வெண்கலச் சிலைகளோடு இருக்கிறது. மூச்சு வாங்கினால் அங்கே உட்காரலாம்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலும் அதிக தூரமில்லை. 1819இல், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் திரியவே வேண்டாம்.

"நீ அங்கேயே இருப்பவள், வழி தெரியும், புதிதாக வருபவர்களுக்கு எப்படி?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் போன் மேப்பில் எந்த பஸ், எத்தனை நிமிடத்தில் வரும் என்று வந்துவிடுகிறது. நிலையத்தின் பெயர் வாசலில் தமிழிலும் எழுதியிருக்கிறது. என் சித்தி மறுவாரமே தனியாகத் தேக்கா சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வெகுநாளாக மனதில் இருப்பது. எங்கள் பிளாக் லிஃப்டில் ஓர் அம்மாவை அடிக்கடி பார்ப்பேன். மகளுக்குப் பிரசவம் என்று வந்தவர். பேரக்குழந்தையைக் குளிப்பாட்டி, சமைத்து, துணி மடித்து, மாதக்கணக்கில் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது "சிங்கப்பூரில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "கீழே இருக்கிற கடையும், டாக்டர் வீடும்" என்றார். அவருடைய பிள்ளைகள் மோசமானவர்கள் இல்லை. "அம்மாவால் முடியாது" என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள், அவ்வளவுதான். முடியுமா என்று அந்த அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. இப்படி எத்தனை அம்மாக்கள் இங்கே வந்துவிட்டுப் போகிறார்கள்! "ஹோட்டலிலேயே ஓய்வு" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, மாலைக்கு வருவோம். வெயில் தாழ்ந்ததும் மரீனா பராஜ் போங்கள். 2008இல் திறந்த அணை. மரீனா பே நிலையத்திலிருந்து 400ஆம் எண் பஸ் போகிறது. அணையின் மேல்தளம் முழுக்கப் புல்வெளி, சாய்வுப் பாதையில் நாற்காலியைத் தள்ளியே ஏறிவிடலாம். ஒரு பக்கம் ஊர் குடிக்கும் நல்ல தண்ணீர், மறுபக்கம் உப்புக் கடல், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாக. குடும்பம் குடும்பமாக வந்து பட்டம் விடுவார்கள். கப்பல் நிலையமும் அங்கிருந்தே தெரியும். அப்பாக்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

கடைசியாக முக்கியமான ஒன்று. இங்கே கப்பல் நிலையம் இரண்டு. மரீனா பே குரூஸ் சென்டருக்கு சிவப்பு லைனின் கடைசி நிலையமான மரீனா சவுத் பியர் பக்கம். சிங்கப்பூர் குரூஸ் சென்டர் ஹார்பர்ஃபிரன்ட் நிலையத்தில், விவோசிட்டி வணிக வளாகத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் கார் மேலே குறுக்கே ஓடுவதால் உயரமான கப்பல்கள் வர முடியாது. 1983இல் எண்ணெய்த் துரப்பணக் கப்பல் ஒன்று அந்தக் கம்பிகளில் சிக்கி 7 பேர் இறந்தார்கள். பெரிய கப்பல் என்றால் பெரும்பாலும் மரீனா பேதான், ஆனாலும் டிக்கெட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஏறும் நாளில் மட்டும் டாக்ஸி வையுங்கள். "டாக்ஸியும் கார்தானே" என்பவர்களுக்கு: பெரிய பெட்டிகளையும் முழங்கால் வலிக்காரரையும் ஒரே நேரத்தில் ரயிலில் ஏற்றச் சொல்ல நான் கல்நெஞ்சக்காரி இல்லை. முந்தைய நாள் கைவீசிச் சுற்றுவதற்குத்தான் கார் தேவையில்லை என்கிறேன்.

இந்திய பாஸ்போர்ட் என்றால், கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் போய்த் திரும்பும்போது மறுபடி குடிநுழைவைத் தாண்ட வேண்டும். பலமுறை நுழையும் விசாதானா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

எந்த நிலையம், எங்கே தங்குகிறீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். காலையில் எந்த நிறுத்தத்தில் எந்த பஸ் ஏறுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.