அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை!

கேள்வி: எனக்கு 38 வயது. சென்னையில் சாஃப்ட்வேர் வேலை, ஆறாவது மாடியில் சொந்த ஃப்ளாட், மனைவியும் வேலைக்குப் போகிறாள், இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். மன்னார்குடி பக்கத்தில் விவசாயம் பார்த்துவந்த அப்பா, அம்மா போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எட்டு மாதமாக எங்களோடு இருக்கிறார். வீட்டில் நிம்மதி போய்விட்டது. ஈரத் துண்டை சோபாவில் போடுகிறார். பால்கனியில் நின்று வேப்பங்குச்சியை மென்று துப்புகிறார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பாத்திரம் உருட்டுகிறார். போனில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கிறது. நான் வீடியோ மீட்டிங்கில் இருக்கும்போது சட்டையில்லாமல் பின்னால் நடக்கிறார். ஹோட்டலில் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சுகிறார். வாட்ச்மேனிடம் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று கேட்கிறார். சுருக்கமாகச் சொன்னால் எங்கள் வீட்டு வில்லன். என் போனில்கூட அவர் நம்பரை இங்கிலீஷில் அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறேன், சும்மா தமாஷுக்கு. அவர் கூப்பிட்டால் என் மகள் படித்துவிட்டுச் சிரிப்பாள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை. நல்ல முதியோர் இல்லம் ஒன்று பார்த்துவைத்திருக்கிறோம். தாத்தா மேல் உயிராக இருக்கிற மகளிடம் இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது?
பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, வயதானவர்களோடு இருப்பது கஷ்டம்தான், உங்கள் மேல் தப்பில்லை, காலம் மாறிவிட்டது என்றெல்லாம் நான் ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். அதைச் சொல்ல உங்களுக்கு ஆள் இருக்கும். முதியோர் இல்லக் கடிதம் இந்தப் பகுதிக்கு மாதம் தவறாமல் வருகிறது, மகன் எழுதுவார், மருமகள் எழுதுவார், இரண்டு தடவை அந்தப் பெரியவரே எழுதியிருக்கிறார். துண்டு, எச்சில், சத்தம் இந்த மூன்றும் இல்லாத கடிதம் அபூர்வம். அதனால் உங்கள் பட்டியலை வேகமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை.’

போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதமே அந்த ஒரு வரிதான்.

ஏன், தமிழில் வைத்திருக்கலாமே? எம்.என்.நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு திரையில் வந்து நின்ற காலத்திலிருந்து வில்லன் தமிழ் வார்த்தைதான் (அந்த மனுஷர் நிஜத்தில் எத்தனையோ பேரைச் சபரிமலைக்கு அழைத்துப்போன குருசாமி, அது வேறு கதை). பெண்ணாக இருந்தால் வில்லி என்று நாமே ஒரு பெண்பாலையும் செய்துகொண்டோம். ஆனால் தமிழில் இருந்தால் உங்கள் அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார், என்னப்பா இது என்று கேட்டுவிடுவார். அதனால் இங்கிலீஷ். தமாஷ் என்றால் சம்பந்தப்பட்டவரும் கூடச் சிரிக்க வேண்டும் தம்பி. ஒருவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் அவரைத் திட்டி எழுதிவைத்து, அதை ஏழு வயதுக் குழந்தை படித்துச் சிரிக்கும்படி விட்டுவைத்திருக்கிறீர்கள். அதைத் தமாஷ் என்று சொல்லாதீர்கள்.

அந்த வார்த்தையின் கதை உங்களுக்குத் தெரியுமா? லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணைவீடு. பழைய மகாபலிபுரம் சாலையில் இன்று கோடிக்கணக்கில் விற்கிற வில்லாவும் அதேதான். அந்தப் பண்ணையில் பாடுபடுகிறவன் ‘வில்லானுஸ்’. அதாவது குடியானவன். வில்லனுக்கு முதல் அர்த்தம் அவ்வளவுதான்.

1066இல் பிரான்ஸ் பக்கத்திலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு எஜமான் பேசியது பிரெஞ்சு, கணக்கு எழுதியது லத்தீன், சேற்றில் நின்றவன் பேசியது இங்கிலீஷ். 1086இல் ராஜா வில்லியம் எந்தப் பண்ணையில் எத்தனை ஏர், எத்தனை ஆள், என்ன வருமானம் என்று கணக்கெடுத்து எழுதவைத்தார், டூம்ஸ்டே புத்தகம் என்பார்கள். அதில் மற்ற எந்தப் பிரிவையும்விட அதிகமாக இருப்பவர்கள் இந்த ‘வில்லானி’தான். முழுக்க லத்தீன். தன்னை என்ன பெயரில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று அந்தக் குடியானவனால் படிக்க முடியாது. அங்கேயும் அவனுக்குப் பாஷை தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை. கோர்ட்டில் வழக்கை இங்கிலீஷில் பேசலாம் என்று சட்டம் வரவே 1362 ஆகிவிட்டது, பிரெஞ்சு ஜனங்களுக்குப் புரியவில்லை என்பதை ஒத்துக்கொள்ள அவர்களுக்கு முந்நூறு வருஷம் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த வில்லன் எஜமானைக் கேட்காமல் ஊரைவிட்டு நகர முடியாது. வாரத்தில் சில நாள் எஜமான் நிலத்தில் சும்மா உழைக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்தால் எஜமானுக்குப் பணம், அவன் செத்தால் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாடு எஜமானுக்கு. இதெல்லாம்கூட நம் பண்ணைகளில் கேள்விப்பட்ட கதை மாதிரிதான் இருக்கிறது, என்னால் மறக்க முடியாதது வேறொன்று. மகனைப் பள்ளிக்கூடம் அனுப்பவும் அனுமதி கேட்டுப் பணம் கட்ட வேண்டும், கேட்காமல் அனுப்பினால் பண்ணை கோர்ட்டில் அபராதம். படித்த பையன் பாதிரியாகி நிலத்தைவிட்டுக் கிளம்பிவிடுவானே! 1391இல், இவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே கூடாது என்று பாராளுமன்றத்திலிருந்து ராஜாவுக்கு மனுவே போனது, நல்லவேளை அவர் ஏற்கவில்லை. யாரும் பிள்ளையை எந்தப் பள்ளியிலும் சேர்க்கலாம் என்ற சட்டம் 1406இல் வந்தது. அதற்கு முன்னாலும் அபராதத்தைக் கட்டிவிட்டு அனுப்பிய அப்பன்கள் இருந்திருக்கிறார்கள், கட்டிய காசு அந்தப் பண்ணை ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. உங்கள் ஃபீஸை யார் கட்டியது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, குடியானவன் எப்படி அயோக்கியன் ஆனான்? அவன் யாரையும் கொல்லவில்லை, கொள்ளையடிக்கவில்லை. எஜமானுக்கு அவன் பேச்சு கரடுமுரடாகப் பட்டது, உடம்பில் சேறு, சாப்பிடுகிற விதம் சகிக்கவில்லை. முதலில் நாகரிகம் தெரியாதவன் என்றார்கள், அப்புறம் கீழ்த்தரமானவன், அப்புறம் எதற்கும் துணிந்தவன், 14ஆம் நூற்றாண்டுக்குள் வார்த்தை கெட்டவன் என்ற அர்த்தத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கதாநாயகனுக்கு எதிரி என்பதெல்லாம் வெகு பின்னால், 19ஆம் நூற்றாண்டில். நாமும் யோக்கியமில்லை. ‘பட்டிக்காட்டான்’ என்று சொல்லும்போது நாம் என்ன அவன் விலாசத்தையா சொல்கிறோம்?

ஷேக்ஸ்பியருடைய ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகம் ஆரம்பிப்பதே இந்த வார்த்தையில் ஒரு சண்டையோடுதான். செத்துப்போன அப்பா, தம்பியை நல்லபடியாக வளர்க்கச் சொல்லி அண்ணனிடம் விட்டுப் போகிறார். அண்ணன் படிக்கவைக்காமல் பண்ணையாள் மாதிரி வைத்திருக்கிறான். கேட்கப்போன தம்பியை ‘வில்லன்’ என்று திட்டுகிறான். தம்பி சொல்கிற பதில்: நான் வில்லன் இல்லை, என் அப்பா இன்னார், அப்படிப்பட்டவர் வில்லன்களைப் பெற்றார் என்று சொல்கிறவன்தான் மூன்று மடங்கு வில்லன். கெட்டவன், கீழ்க்குடிப் பிறந்தவன் என்று இரண்டு அர்த்தமும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அப்பாவை வில்லன் என்றால் அது பிள்ளை மேலும் விழும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது உங்கள் பட்டியலை எடுங்கள். ஏழு குற்றம். நாலு மணிக்கு எழுந்திருப்பது என்ன குற்றம் தம்பி? முறைத் தண்ணீர் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் மண்வெட்டியோடு போய் மடை திறந்த உடம்பு அது, ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டார்களா என்று வருஷா வருஷம் காத்திருந்த ஆளை எட்டு மாதத்தில் ஏழரை மணிக்கு எழுந்திருக்கச் சொன்னால் எப்படி? சத்தம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனோடு பேசிப் பழகிய தொண்டை. துண்டுக்கு ஒரு கொடி கட்டிக்கொடுங்கள், வேப்பங்குச்சிக்கு ஒரு வாளி வையுங்கள், மீட்டிங் நேரத்தில் கதவைச் சாத்துங்கள், சாஃப்ட்வேர் எழுதுகிறவருக்கு இதைக்கூட நான் சொல்ல வேண்டுமா? ரசத்தைப் பற்றி நான் பேச மாட்டேன், அதைக் கையில் வாங்கிக் குடித்தால்தான் ருசி.

ஆறு போயிற்று. ஏழாவது வேறு ரகம். வாட்ச்மேனிடம் என்ன ஆளுங்க என்று கேட்பது கிராமத்துப் பழக்கம் என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம், அது அநியாயம். பதில் சொல்லாமல் போனால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற ஒரு மனிதரை நிறுத்திவைத்துக் கேட்கிற கேள்வி. உங்கள் பட்டியலில் நிஜமான தப்பு இது ஒன்றுதான், இதை நீங்கள் ரசத்துக்கு அடுத்தபடியாகப் போட்டிருக்கிறீர்கள், இரண்டும் உங்களுக்கு ஒரே அளவு கூச்சம். அப்பாவை உட்காரவைத்து, ‘அப்பா, இப்படிக் கேட்கக் கூடாது, அவர் மனசு என்ன பாடுபடும், எனக்கும் அவமானம்’ என்று முகத்துக்கு நேரே சொல்வது மகனுடைய கடமை. அதைச் செய்ய தைரியம் வரவில்லை, போனில் பெயர் மாற்ற மட்டும் வந்தது.

திருக்குறளில் உழவு 104ஆவது அதிகாரம், கயமை 108ஆவது. கிட்டக்கிட்டதான் இருக்கின்றன, ஆனால் வள்ளுவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை. உழவன் பின்னால்தான் உலகம் என்கிறார். கயவர்களைப் பற்றி எடுத்த எடுப்பில் சொல்வது, பார்க்க அசல் மனிதர்கள் மாதிரியே இருப்பார்கள் என்று. சட்டையில்லாத உடம்பைப் பார்த்துக் கயவனைக் கண்டுபிடிக்க முடியாது என்றுதானே அர்த்தம்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், யோக்கியம் மாதிரி உட்கார்ந்துகொண்டு பேசக் கூடாது. கல்யாணமான புதிதில் நானும் வீட்டுக்காரரும் என் மாமியாரைப் பற்றி அவர் எதிரிலேயே இங்கிலீஷில் பேசுவோம், சமையல், சேமிப்பு, அவருடைய மடி ஆசாரம் எல்லாம். ரொம்ப சாமர்த்தியம் என்று நினைப்பு. ஆறேழு வருஷம் கழித்து ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார்: ‘உங்க பாஷைதான் எனக்குத் தெரியாது. என்னைப் பத்திப் பேசறப்போ உன் மூக்கு ஒரு பக்கமா கோணிக்கும், அது தெரியும்.’ கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எட்டு மாதமாக உங்கள் போன் அடிக்கும்போதெல்லாம் பேத்தி ஏன் சிரிக்கிறாள் என்று உங்கள் அப்பா கவனிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்?

முதியோர் இல்லமே பாவம் என்று நான் சொல்லவில்லை. பெற்றவரை வைத்துப் பார்ப்பது பிள்ளைகள் கடமை என்று நம்புகிறவள்தான், அதை ஒளிக்கவில்லை, ஆனாலும் சில வீடுகளைவிட இல்லம் மேல் என்பதையும் பார்த்திருக்கிறேன். என் கோபம் வேறு. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் தேடிவிட்டேன், அப்பாவிடம் கேட்டேன் என்று ஒரு வரி இல்லை. அவர் இல்லத்துக்குப் போகச் சம்மதிக்கலாம். குத்தகைக்காரரிடமிருந்து ரெண்டு மா நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொடுத்தால் ஊருக்கே போய்விடுகிறேன் என்று சொல்லலாம், யார் கண்டது, அதற்காகவே காத்திருக்கலாம். அந்தக் காலத்து வில்லனை நிலத்தைவிட்டு நகரக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள், இவரை நிலத்திலிருந்து பெயர்த்து ஆறாவது மாடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள், இரண்டு இடத்திலும் அந்த ஆளை யாரும் கேட்கவில்லை.

1381இல் அந்தக் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்தபோது, போன வழியெல்லாம் பண்ணை ஏடுகளைத் தேடிப்பிடித்துக் கொளுத்தினார்கள். படிக்கத் தெரியாதுதான், ஆனால் தங்களை என்னவென்று எழுதிவைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் கொளுத்தினார்கள். 14 வயது ராஜா, இனி யாரும் அடிமையில்லை என்று எழுதிக்கூடக் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவளிடம் பேசுவது கடைசி வேலை. இன்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு அப்பா பக்கத்தில் உட்காருங்கள். போனை அவர் கையில் கொடுத்து, இங்கிலீஷில் இருக்கிற அந்தப் பெயரைக் காட்டி, இது நீங்கள்தான், இப்படித்தான் வைத்திருந்தேன், இதுதான் அர்த்தம் என்று தமிழில் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னாலும் இடையில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கண்ணெதிரிலேயே அதை அழித்துவிட்டு ‘அப்பா’ என்று தமிழில் எழுதுங்கள். வாட்ச்மேன் விஷயத்தையும் அங்கேயே பேசிவிடுங்கள், இரண்டு பேர் கணக்கும் ஒரே நாளில் முடியட்டும். அந்த இல்லத்தைப் பற்றிப் பேச்செடுக்க அதற்குப் பிறகும் வாய் வந்தால், எடுங்கள்.